ஊர் நீங்கியவரின் பெயர்: லேலண்டும் டி.வி.எஸ்ஸும்

ஓசூரின் தொழில் வரலாற்றில் 1980 இரட்டைப் பிறப்பு நிகழ்ந்த ஆண்டு. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை அந்த ஆண்டில் இயங்கத் தொடங்கியது, டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஒன்று சரக்கையும் கூட்டத்தையும் சுமக்கும் கனரக வண்டி. மற்றது பால் கேனையும் கீரைக்கட்டையும் சுமக்கும் சிறு வண்டி. வண்டிகளை ஒப்பிடப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். நாம் எடைபோடப் போவது அவற்றின் மீது ஒட்டியிருக்கும் பெயர்களை. ஒன்று ஆங்கிலேயக் குடும்பப் பெயர். மற்றது தமிழ் முன்னெழுத்துகளின் கோவை. இரண்டும் இருவேறு நாகரிகங்களின் பெயரிடும் முறைகள் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே சரக்கு இருக்கிறது: பிறந்த ஊரை விட்டு வெளியேறிய ஒருவரின் ஊர்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். ரகுநந்தன் சரண் 1948-இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கியபோது தம் மகன் பெயரை அதற்கு வைத்தார். 1955-இல் இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் பங்குதாரராக வந்ததும் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. இப்போது அந்தப் பெயரை உச்சரித்துப் பாருங்கள். முன்னால் ஓர் இட்ட பெயர், பின்னால் ஒரு குடும்பப் பெயர். தாமஸ் லேலண்ட், ஃபிரெடெரிக் லேலண்ட் என்ற ஆங்கிலப் பெயர்களின் வரிசையில் அசோக் லேலண்ட். ஒரு நிறுவனம், ஆங்கில முறைப்படி பெயர் சூட்டப்பட்ட ஓர் ஆளைப் போலவே நம் நெடுஞ்சாலைகளில் திரிகிறது. டி.வி.எஸ்ஸில் நேர்மாறு. அங்கே ஆள் உண்மையானவர்: 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்து, மதுரையைத் தொழில் மையமாகக் கொண்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார். ஆனால் பெயரில் ஆளே இல்லை. சுந்தரம் என்ற இட்ட பெயர்கூட கடைசி ‘எஸ்’ஸாகச் சுருங்கிவிட்டது. ஆளில்லாத இடத்தில் முழுப் பெயர். ஆள் இருந்த இடத்தில் மூன்று எழுத்து.

அந்த மூன்று எழுத்துகளில் முதலாவதான ‘டி’தான் நமக்கு முக்கியம். அது திருக்குறுங்குடி. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று, நம்பி கோயில் கொண்ட ஊர், திருநெல்வேலிச் சீமையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். லேலண்டும் ஓர் ஊர்தான். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கிறது. 1086-இல் முதலாம் வில்லியம் நிலக்கணக்கு எடுத்தபோது தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில் ‘லைலண்ட்’ என்ற வடிவில் அது பதிவாகியிருக்கிறது. உழாமல் தரிசாகக் கிடந்த நிலம் என்பது பெயர்க்காரணம் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஒன்று பெருமாள் ஊர், ஒன்று தரிசு நிலம். ஓசூரில் தயாராகும் வண்டிகள் இரண்டையும் தெரியாமலே சுமந்து செல்கின்றன.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். லேலண்ட் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குப் பெயர் தந்தது லேலண்ட் குடும்பம் அன்று, லேலண்ட் ஊர். 1896-இல் லங்காஷயர் நீராவி மோட்டார் நிறுவனம் என்று தொடங்கி, 1907-இல் ஊர்ப்பெயரை ஏற்றுக்கொண்டது. ஆக ஒரே ஊரிலிருந்து இரண்டு கிளைகள்: ஒன்று இடைக்காலத்திலேயே கிளைத்த குடும்பப் பெயர், மற்றது மிகப் பிந்திக் கிளைத்த ஆலைப் பெயர். அந்த ஆலையை நிறுவியவர்களின் பெயர்களோ தனி வேடிக்கை. ஜேம்ஸ் சம்னர், ஹென்றி ஸ்பரியர். சம்னர் என்பது நீதிமன்ற அழைப்பாணை கொண்டுசெல்லும் சேவகனைக் குறித்த தொழிற்பெயர். ஜேம்ஸின் குடும்பமோ கொல்லுப்பட்டறைக் குடும்பம். ஸ்பரியர் என்றால் குதிரையை விரட்டக் காலில் மாட்டும் முள் செய்பவன். குதிரைக்கு வேலையில்லாமல் செய்த வண்டியைக் கட்டியவர்களில் ஒருவர், குதிரைமுள் செய்பவனின் பெயரைத் தாங்கியிருந்தார். எந்த வகைக் குடும்பப் பெயராக இருந்தாலும், உறைந்துபோன பிறகு அது ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

குடும்பப் பெயர் எப்படிக் கிளைத்தது? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நிலம் வைத்திருந்த பிரபுக்கள் தங்கள் பண்ணையின் பெயரைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் மெல்லக் கீழிறங்கியது. 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி விதித்தபோது ஒவ்வொரு ஜானையும் இன்னொரு ஜானிடமிருந்து பிரித்து எழுத வேண்டியிருந்தது. 1400 வாக்கில் தென் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் பரம்பரையாகி இருந்தது. லங்காஷயர் போன்ற வட மாவட்டங்களில் அது சற்றுப் பின்தங்கியது. 1538-இல் ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியவேண்டும் என்ற ஆணை வந்தபின், எழுதியது எழுதியபடி நின்றது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. லேலண்டில் வாழ்ந்தவனை யாரும் ‘லேலண்டுக்காரன்’ என்று அழைத்திருக்க மாட்டார்கள். அங்கே எல்லோருமே லேலண்டுக்காரர்கள். அவன் ஊரை விட்டு வேறொரு சந்தை ஊருக்குப் போய் நிலைத்தபோதுதான் எழுத்தர் அவன் பெயருக்குப் பின்னால் ஊரைச் சேர்த்தார். ஆக ஊர்வழி வந்த குடும்பப் பெயர் பெரும்பாலும் ஒரு புறப்பாட்டின் பதிவு. திருக்குறுங்குடியிலும் இதே கணக்குத்தான். ஊரில் இருந்தவரைக்கும் ‘டி’ எதையும் பிரித்துக் காட்டாது. மதுரையில் தொழில் நடத்தியவருக்குத்தான் அது பொருள் தரும். பின்னால் ஒட்டினாலும் முன்னால் ஒட்டினாலும் அந்தப் பெயரை விளைவித்தது பயணமே.

ஓசூருக்கே இதில் இன்னொரு சாட்சி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் பாணியில் ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாட்டை ‘பிரெட்ஸ் கோட்டை’ என்பவர்களும் உண்டு. பிரெட் என்ற குடும்பப் பெயர் முதலில் பிரான்சின் பிரித்தானியிலிருந்து வந்தவனைக் குறித்தது. வந்தேறி என்று அடையாளமிடப்பட்ட ஒரு மூதாதையின் பெயரைச் சுமந்தவர், கடல் கடந்து ஓர் எல்லைப்புற ஊருக்கு வந்தேறியாக வந்திருக்கிறார்.

ஒற்றுமை இதுவரை. வேற்றுமை எங்கே தொடங்குகிறது? லேலண்ட் உறைந்தது, ‘டி’ உருண்டது என்று எளிதில் சொல்லிவிடலாம். தகப்பன் லேலண்ட் என்றால் மகனும் பேரனும் லேலண்ட். தமிழ் முன்னெழுத்தோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறக்கிறது: தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்கு, மகன் பெயரின் முதலெழுத்து பேரனுக்கு. ஆனால் இரண்டு வரலாறுகளையும் அருகில் வைத்துப் பார்த்தால், இந்தச் சூத்திரம் இரு பக்கமும் கசிகிறது.

உறைந்ததாகச் சொன்ன லேலண்ட் பக்கம் முதலில். லிவர்பூலில் அடிமை வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் பெருஞ்செல்வம் சேர்த்து, மூன்று முறை நகர மேயராகவும் இருந்த தாமஸ் லேலண்ட் 1827-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்து, உடன்பிறந்தார் வழிப் பிள்ளைகளான புல்லின் சகோதரர்களுக்குப் போயிற்று. சொத்தோடு பெயரையும் அவர்கள் ஏற்று லேலண்டுகள் ஆனார்கள். இரண்டு தலைமுறை கழித்து அதே கதை மீண்டும் நடந்தது. நேலர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டோபர் ஜான், லேலண்டாகியிருந்த உறவினரின் நார்தம்பர்லாந்து எஸ்டேட்டுக்கு வாரிசானபோது, நேலரைக் களைந்து லேலண்டை உடுத்திக்கொண்டார். நேலர் என்றால் ஆணி செய்பவன். ஆணிக்கொல்லன் பெயர் போய்த் தரிசு நிலத்தின் பெயர் வந்தது. இந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் இரண்டு வகை மரங்கள் தற்செயலாகக் கலந்து முளைத்த ஊசியிலை மரத்துக்கு அவர் பெயரால் லேலண்ட் சைப்ரஸ் என்று பெயர். இங்கிலாந்தில் அண்டை வீட்டார் வழக்காடும் அளவுக்கு வேகமாக வளரும் வேலி மரம் அது. கலப்பில் பிறந்த மரத்துக்கு இரவல் பெற்ற குடும்பப் பெயர். இதைவிடப் பொருத்தமாக யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

நம் பக்கத்தில் இதற்கு இணை தேட வேண்டியதில்லை. சுவீகாரம் போன பிள்ளையின் முன்னெழுத்து மாறும் என்பது ஜமீன் குடும்பங்களும் செட்டிநாட்டு வீடுகளும் நன்கு அறிந்த நடைமுறை. பெயர் இரத்தத்தைத் தொடர்வதாக நாம் நினைக்கிறோம். லிவர்பூலிலும் காரைக்குடியிலும் அது பல சமயம் பத்திரத்தைத் தொடர்ந்திருக்கிறது.

இப்போது உருண்டதாகச் சொன்ன பக்கம். சுந்தரம் அய்யங்காரின் மகன்கள் டி.எஸ். ராஜம், டி.எஸ். சந்தானம், டி.எஸ். சீனிவாசன், டி.எஸ். கிருஷ்ணா. இரண்டாம் எழுத்து மாறிவிட்டது. அது தந்தை சுந்தரத்தைச் சொல்கிறது. முதல் எழுத்து மாறவில்லை. இந்த ‘டி’ ஒரு தலைமுறை தாண்டிப் பரம்பரையாகிவிட்டது, ஏறக்குறைய லேலண்டைப் போலவே. சாதிப் பின்னொட்டு விழுந்துவிட்டது, ஊர் எழுத்து நிலைத்தது. மூன்றாம் தலைமுறையில் மறுபடி திருப்பம்: சுரேஷ் கிருஷ்ணா, வேணு சீனிவாசன். ‘டி’யும் போயிற்று, முன்னெழுத்தும் போயிற்று, தந்தையின் இட்ட பெயர் முழுதாகப் பின்னால் வந்து குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்தது. சீனிவாசன் உறைந்துவிடும் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. ஓசூர் டி.வி.எஸ். மோட்டாரை இன்று வழிநடத்தும் நான்காம் தலைமுறைக்காரர் சுதர்சன் வேணு. மறுபடி தந்தையின் இட்ட பெயர். நான்கு தலைமுறைகளில் ஊர் வந்தது, நின்றது, மறைந்தது. தந்தை பெயரோ இடம் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கிறது. வெளித்தோற்றம் ஆங்கில முறை, உள்ளே ஓடுவது பழைய தமிழ்க் கணக்கு.

இதற்குக் குறுக்காக ஓடும் இன்னொரு கோடு அமெரிக்காவில் இருக்கிறது. லேலண்டின் மற்றொரு எழுத்துவடிவம் லீலண்ட். அங்கே அது குடும்பப் பெயரிலிருந்து இட்ட பெயராக மாறியது. ரயில் பாதை முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட், அதே பெயர் கொண்ட தம் மகன் இளவயதில் இறந்ததால் 1885-இல் நிறுவியதுதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். சீனிவாசன் என்ற இட்ட பெயர் பின்னால் போய்க் குடும்பப் பெயரின் இடத்தைப் பிடித்தது. லேலண்ட் என்ற குடும்பப் பெயர் முன்னால் வந்து இட்ட பெயரின் இடத்தைப் பிடித்தது. பாதை ஒன்றே, திசைதான் எதிர்.

டி.வி.எஸ். குடும்பம் விதிவிலக்கு என்று யாரும் சொல்லிவிடாதபடி, ஓசூருக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியின் ‘சி’ அவர் தந்தையின் இட்ட பெயரைக் குறிப்பதன்று. தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யா. ‘சி’ என்பது சக்கரவர்த்தி என்ற வம்சப் பெயர், தந்தைக்கும் மகனுக்கும் பொதுவானது. கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியின் உறுப்பினராக இருந்த அவர் மகன் சி.ஆர். நரசிம்மன் அந்த ‘சி’யைக் காத்து, ‘ஆர்’ என்று தந்தையைச் சேர்த்துக்கொண்டார். முதலெழுத்து நிலை, இரண்டாமெழுத்து சுழற்சி. டி.எஸ்ஸும் சி.ஆரும் ஒரே இலக்கணம். ஆங்கிலேயன் பின்னால் முழுதாக எழுதிய குடும்பப் பெயரை, இவர்கள் முன்னால் ஓர் எழுத்தாக மடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓசூர் வட்டாரத்தில் இந்த மடிப்பைப் பிரிப்பது எளிதன்று. பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ‘பி. மஞ்சுநாத்’ என்று ஒரு வரி. வீட்டில் தெலுங்கு பேசினால் அந்த ‘பி’ இண்டிபேராக, அதாவது வீட்டுப் பெயராக இருக்கலாம். கன்னடம் பேசினால் பாகலூரோ பேரிகையோ ஆகலாம். தமிழ் பேசினால் பெரும்பாலும் அப்பா பெயர். மூன்று மொழியிலும் எழுத்து முன்னால்தான் நிற்கிறது. எது உறைந்தது, எது உருள்வது என்பது வாத்தியாருக்கும் தெரியாது. ஆங்கிலக் குடும்பப் பெயர் தன் மூலத்தைத் திறந்து காட்டிக்கொண்டே பொருளை இழந்தது. ஓசூர் முன்னெழுத்து பொருளோடு உயிர்த்திருந்தும் அதை மூடியே வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்டது. அந்தக் கணக்கில் டி.வி.எஸ்ஸின் முதலெழுத்து ‘தி’ ஆகியிருக்கும். திருக்குறுங்குடி இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும். ‘தி’ என்று தொடங்கினால் மொபெட் விற்றிருக்குமா என்பது வேறு விஷயம்.

இன்னொரு வேற்றுமையை மென்மையாகச் சொல்ல வழியில்லை. நேலர், ஸ்பரியர், சம்னர் போன்ற தொழிற்பெயர்கள் இங்கிலாந்தில் யாரையும் உறுத்தாமல் போனதற்குக் காரணம், ஆணிக்கொல்லன் மகன் வங்கிக்காரனாகவும் வங்கிக்காரன் மருமகன் பிரபுவாகவும் ஆக முடிந்ததுதான். இங்கே தொழிற்பெயர் சாதியோடு பூட்டப்பட்டிருந்தது. அதைப் பின்னால் எழுதுவது ஆளை இடத்தில் நிறுத்தும் செயலாக இருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டைக் கைவிடத் தீர்மானித்தது அதனால்தான். அதன் விளைவாகத் தமிழ்ப்பெயரின் பின்பக்கம் காலியாயிற்று. முன்னெழுத்தின் குறுக்கம் சோம்பலால் வந்ததென்று நினைப்பவர்கள், அந்தக் காலி இடத்தை ஒரு சமூகம் விரும்பிப் பெற்றது என்பதை மறக்கிறார்கள். என் தீர்ப்பு இதில் முன்னெழுத்தின் பக்கம்: ஓர் ஆளைப் பற்றி அந்நியருக்குக் குறைவாகச் சொல்லும் பெயர், எங்கள் நிலத்தில், கூடுதல் மரியாதையுள்ள பெயர்.

ஆனால் அந்தக் காலி இடத்தின் மீது இப்போது வெளியிலிருந்து கண் விழுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் தலைவரி எழுத்தர் செய்த வேலையை, ஓசூரில் இன்று கணினித் திரையின் ஒரு கட்டம் செய்கிறது. ஆலைகளின் ஆள்சேர்ப்புப் படிவமும் பெங்களூர் நிறுவனங்களின் இணையதளமும் கடைசிப் பெயர் கேட்கின்றன. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே அடையாள அட்டையில் ‘லோகேஷ் எம்’ என்று முன்னெழுத்து வாலாகிறது. அந்த ‘எம்’மைக் குடும்பப் பெயர் என்று நம்பி ‘மிஸ்டர் எம்’ என்று மின்னஞ்சல் வருகிறது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். அப்படி விட்டவர் அமெரிக்க விசா எடுத்தால், இட்ட பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்குமிடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா நுழைவு இல்லை என்றது. பிறகு, கடவுச்சீட்டின் மறுபக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக ஏற்ற அந்தத் தளர்வு, தெரிந்தோ தெரியாமலோ, தமிழ் இலக்கணத்துக்குக் கிடைத்த ஓர் அங்கீகாரம்.

இந்த நெருக்கடியில் ஓசூர்க் குடும்பங்கள் இரண்டு வழியில் போகின்றன. முதல் வழி சுதர்சன் வேணுவின் வழி: தந்தை பெயரை முழுதாக விரித்துப் பின்னால் எழுதுவது. கந்தசாமியின் மகன் ‘முருகன் கந்தசாமி’, அவர் மகள் ‘கவிதா முருகன்’. ஒரே குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர். வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்பாவும் பெண்ணும்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழும் கூடப் போகிறது. இரண்டாம் வழி, பெண்ணுக்கும் ‘கந்தசாமி’யே வைத்துவிடுவது. தாத்தா பெயர் அங்கே நின்றுவிடுகிறது. லங்காஷயரில் ரிச்சர்டின் மகன் வில்லியம் ரிச்சர்ட்சன் ஆனதும், அந்த வில்லியமின் மகனும் ரிச்சர்ட்சனாகவே நீடித்ததும் இப்படித்தான் தொடங்கியது. அங்கே அது பல தலைமுறைகள் எடுத்துக்கொண்டது. இங்கே பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதுவும், அந்தக் கந்தசாமி ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்து ஊரின் பெயரையே எழுத்தாகக்கூட வைத்துக்கொள்ளாதவராக இருக்கும்போது.